சங்கு ஊதாத மலை

லிந்துலைக்கு மேலே ஏழாம் நம்பர் மலை.
கவ்வாத்து வெட்டி மூன்று மாதம்,
குச்சிக்குக் குச்சி இளந்தளிர்.
ஒன்பது நாளாய் வெயில் எட்டிப் பார்க்கவில்லை.

இலையின் மேல்புறம் விரல் அழுத்திய குழி.
திருப்பினால்
வெள்ளை வெல்வெட் போர்த்திய கொப்புளம்.
நான் கத்தரித்துக் காகித உறையில் இட்டுக்கொண்டிருந்தேன்.
நிரைக்குள்ளிருந்து சிவபாக்கியம் கேட்டாள்:
"ஒரு முள்ளு குத்தினா நமக்கு வீங்குது, சீழ் கட்டுது.
இவ்வளவு ஆழமா வேர்விட்ட செடி,
உள்ளுக்கு ஒருத்தன் வந்து குடியிருக்கான்,
ஏன் சும்மா இருந்திச்சு?"

படங்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு
அடுத்த செடிக்குப் போய்விட்டாள்.
பதில் கொண்டுபோக எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று.

சும்மா இருக்கவில்லை, சிவபாக்கியம்.
செடிக்குத் தோல் முழுக்கக் காது.
பூஞ்சை போட்டிருக்கும் சட்டை கைட்டின்,
நண்டு ஓட்டில் இருக்கும் அதே சரக்கு.
அதில் ஓர் இழை உரசினால் போதும்,
சுவர் தடிக்கும், நஞ்சு சுரக்கும்,
இலைக்கு இலை
தொழிற்சாலைச் சங்கு போல் ஊதத் தொடங்கும்.

அவனுக்கும் அது தெரியும்.
அதனால் உள்ளே கால் வைக்கும்போதே
ஒரு நொதியைத் துப்புகிறான்.
அது எதையும் வெட்டாது, உடைக்காது.
சட்டையின் பித்தான்களை மட்டும்
ஒவ்வொன்றாய்க் கழற்றிவிடும்.
அதே ஆள், அதே சட்டை,
இலையின் காதுக்கு மட்டும் வேறு யாரோ:
மழையோ, பாசியோ,
கடன் கேட்க வந்த பக்கத்துக் காம்பராக்காரரோ.

இன்னொரு நொதி இன்னும் மோசம்.
சங்குக்குப் போகிற நீராவியைக்
குழாயின் பாதியிலேயே
வேறு பக்கம் திருப்பிவிடும்.
காவல்காரன் விழித்துத்தான் இருக்கிறான்,
கயிற்றை இழுக்கிறான், இழுக்கிறான்.

இதெல்லாம் கோதுமையிலும் சோளத்திலும் கண்டது.
நம் கொப்புளக்காரன் எதைத் துப்புகிறான் என்று
என் சோதனையில் இன்னும் ஒரு பட்டையும் விழவில்லை.
கரண்ட் இரண்டு முறை போனது.
ஆக, நான் கொண்டுவந்தது பாதி விடை, பாதி ஊகம்.

கொன்றுவிட்டால் அவனுக்குச் சோறில்லை.
அதனால் இலை பச்சையாகவே இருக்கிறது,
வெயிலைச் சமைத்து அவனுக்குப் பரிமாறுகிறது
அவன் முற்றி வெடித்து
பனியோடு பனியாய் அடுத்த மலைக்குப் போகும்வரை.

நிறுவையடியில் நின்றபடி இதைச் சொன்னேன்.
கணக்கப்பிள்ளை ஜெகதீசன்
"ஈரத்துக்கு ரெண்டு கிலோ" என்று கழித்தார்.
அவள் தராசு முள்ளைப் பார்த்தபடியே கேட்டாள்:
"அப்ப மூணாவது நிரை, கல்லுக்குப் பக்கத்துச் செடி?"

போய்ப் பார்த்தோம். கொப்புளமே இல்லை.
இலை முழுக்கக் கங்கு பட்டதுபோல் கரும்புள்ளி.
பொறுக்கிப் பார்க்கும்போது
பழுது என்று வீசிவிடுகிற இலை.
நான் அங்கேயே ஈரத்தில் குந்திவிட்டேன்.
இங்கே சங்கு ஊதியிருக்கிறது.
அவன் புகுந்த அறையை மட்டும்
உள்ளே அவனோடு சேர்த்து
செடி தானே எரித்திருக்கிறது.
ஏழாம் நம்பரில் இவ்வளவு நாள்
நான் கொப்புளத்தை மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன்.

அடையாளத்துக்கு ஒரு சிவப்பு நூல் கட்டினேன்.
"மருந்தடிச்சா எத்தன நாளைக்கு இந்தப் பக்கம் கொழுந்து இல்ல?"
என்று கேட்டாள் அவள்.
சொன்னேன். விரல்விட்டு எண்ணி
முகம் சுளித்தாள்.

மூன்று வாரம் கழித்து
கத்தரியும் உறையுமாய் ஏறிப் போனேன்.
நிரை முழுக்கச் சிவப்பு நூல்.
முதல் முடிச்சைக் கண்ட யாரோ
நேர்த்தி என்று நினைத்திருக்க வேண்டும்.
மகனின் கட்டார் விசாவுக்கு ஒன்று,
முழங்கால் வலிக்கு ஒன்று,
சம்பளத்துக்கு எத்தனையோ.

சிவபாக்கியம் அன்று பேருக்கு வரவில்லை.
கல்லும் பனிக்குள் எங்கேயோ.
முதல் செடியில் குனிந்து
இலையைத் திருப்பினேன்.